பதிதர் கல்லூரி

எங்கள் கல்லூரியில் காலைப் பிரார்த்தனைக்கு மணி அடித்ததும் எல்லோரும் மண்டபத்துக்குள் போவார்கள். நான் மட்டும் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பேன். உள்ளே போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சைவப் பிள்ளைகள். நெற்றியில் திருநீறு பளிச்சென்றிருக்க, கிறிஸ்தவ ஞானப்பாட்டுகளைத் தொண்டை கிழியப் பாடுவார்கள். அவர்களுடைய கடவுளுக்கு அதில் மனத்தாங்கல் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. உள்ளே வாசிக்கப்பட்டதோ நான் பிறந்த நாள் முதல் கும்பிடுகிற கிறிஸ்துவின் சரித்திரம். அதைக் கேட்கக்கூடாத ஒரே ஆள் நான்தான். இந்த வேடிக்கையை நினைத்து அந்த வயதில் சிரித்திருக்கிறேன். அதிக நாள் சிரிக்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் குருநகரை அடுத்த கரையோரப் பங்கு ஒன்றைச் சேர்ந்த கத்தோலிக்கன். அப்பு, அதாவது என் தகப்பனார், கடலுக்குப் போகிறவர். கல்லூரி, புரொட்டஸ்தாந்து மிஷன்காரர் நடத்தியது. வலிகாமத்துத் தோட்டங்களுக்கு நடுவே, பனை வேலிக்குள்ளே, நாலைந்து ஓட்டுக் கட்டடங்களும் ஒரு நூல்நிலையமும் ஒரு கிணறும்தான் அதன் சொத்து. ஆனால் அங்கே ‘இன்டர் ஆர்ட்ஸ்’ வகுப்பு இருந்தது. லண்டனிலிருந்து வினாத்தாள் வருகிற சோதனை அது. அதில் தேறினால்தான் பி. ஏ. படிக்கலாம். எங்கள் சமயத்தவர் பட்டணத்தில் நடத்திய கல்லூரியில் அந்த வருடம் அந்த வகுப்புக்கு ஆள் சேரவில்லை. அங்கிருந்த சுவாமி, அதாவது குருவானவர், என்னிடம் இரண்டு வழி சொன்னார்: குருமடத்துக்குப் போ, அல்லது கிளார்க் சோதனை எழுது. எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. எனக்குச் சரித்திரம் படிக்க வேண்டும். வலை பின்னுகிறவர்கள் மத்தியில் பிறந்தவனுக்குப் பிரெஞ்சுப் புரட்சியில் என்ன வேலை என்று அப்பு கேட்டார். அம்மாதான், “அவன் ஆசைப்படுறான், போகட்டுமன்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அம்மா பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எங்கள் பங்குச் சுவாமி பிரெஞ்சுக்காரர். வெள்ளைத் தாடி நெஞ்சுவரை தொங்கும். முப்பது வருடத்துக்கு மேலாக எங்கள் கடற்கரையில் இருந்தவர். கடலில் போனவர்களின் சவத்தைத் தேடி ஆட்களோடு சேர்ந்து கரை கரையாக அலைந்திருக்கிறார். வாந்திபேதிக் காலத்தில் வீடு வீடாய்ப் போய்த் தூக்கிப் புதைத்திருக்கிறார். அவரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் சட்டம் என்றால் அவர் இரும்பு. புரொட்டஸ்தாந்துகாரரை அவர் ‘பதிதர்’ என்றுதான் சொல்வார். வேதத்தை விட்டு விழுந்தவர்கள் என்று அர்த்தம். பதிதருடைய பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிற தாய் தகப்பனுக்கு, குருவிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்பு இல்லை, மன்னிப்பு இல்லாதவருக்கு நன்மையும் இல்லை என்று பீடத்தில் நின்று அறிவித்துவிட்டார். நன்மை என்றால் பூசையில் வாங்குகிற திவ்விய நற்கருணை. எங்கள் ஆட்களுக்கு அது சோற்றைவிடப் பெரிய விஷயம். அதிலும் வருடத்தில் ஒரு தடவை, கிறிஸ்து உயிர்த்த பாஸ்குப் பண்டிகைக்காவது அதை வாங்காதவன் வேதக்காரனே அல்ல.

அப்பு அந்தச் சட்டத்தை லேசாகத் தாண்டிவிட்டார். “நான் அனுப்பேல்லை சுவாமி, தாய்தான் அனுப்பினவள்” என்று ஒரே போடாய்ப் போட்டு, பாவமன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆண்கள் இந்த விஷயத்தில் எப்போதும் கெட்டிக்காரர்கள். அம்மா மாட்டிக்கொண்டார். நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு வந்த முதல் பாஸ்குவுக்கு அவருக்கு நன்மை கிடைக்கவில்லை. கோவிலில் பெண்கள் பக்கம், கடைசியில், அழுகிற கைக்குழந்தைகளோடு வந்த தாய்மாருடன் முழந்தாளில் இருந்தார். நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். பூசை முடிந்து வரும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன, ஆரும் செத்துப் போச்சினமே? நீ உன்ரை படிப்பைப் பார்” என்றார்.

நானும் என் படிப்பைப் பார்த்தேன். சொல்வதற்கென்ன, சந்தோஷமாகத்தான் பார்த்தேன். வகுப்பில் நாங்கள் ஒரே வாங்கில் உட்கார்ந்தாலும் அது நிறையாத கூட்டம். விரிவுரையாளருக்கு எங்கள் ஒவ்வொருவருடைய சோம்பலும் தனித்தனியாகத் தெரியும். லத்தீன் வகுப்பில் நான்தான் ராசா. சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்து, பொருள் தெரியாமலே பக்கம் பக்கமாக மனப்பாடம் பண்ணியிருந்தேன். நான் வாய் திறந்தால் விரிவுரையாளர் காதைப் பொத்துவார். “உது கோவில் லத்தீன், நாங்கள் படிக்கிறது ரோமாபுரி லத்தீன்” என்பார். தர்க்க சாஸ்திரம் படிப்பித்தவர் கோப்பாயிலிருந்து சைக்கிளில் வருகிற சைவர். மூன்று வாக்கியத்தில் உலகத்தையே கட்டி நிறுத்தலாம் என்று நம்பியவர். பதிதர் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவது பாவம், என் அம்மா அனுப்பினார், ஆகவே என் அம்மா பாவி என்று நானே ஒருநாள் எழுதிப் பார்த்தேன். தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை. கடதாசியைக் கிழித்துக் கிணற்றடியில் போட்டுவிட்டேன்.

ஐரோப்பிய சரித்திர வகுப்புதான் கஷ்டம். பாப்பரசரை எதிர்த்து ஜெர்மனியில் கலகம் எழுந்த பாடம் வந்தபோது, வகுப்பு முழுவதும் திரும்பி என்னையே பார்த்தது, நான்தான் பாவமன்னிப்பை விற்றுக்கொண்டிருந்தவன் மாதிரி. “உங்கடை ஆக்கள் செய்த வேலையைப் பார்த்தியே மச்சான்” என்று விடுதியில் என் அறைத்தோழனாக இருந்தவன் சீண்டினான். அவனும் கோப்பாய்ப் பக்கத்துச் சைவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானூறு வருடத்துக்கு முன்னால் எங்கேயோ குளிர்நாட்டில் யாரோ போட்ட சண்டை, எங்கள் ஊர் மணலில் என் அம்மாவைக் கடைசி வரிசையில் கொண்டுபோய் இருத்தியிருக்கிறது. இதை எந்தப் புத்தகமும் எழுதவில்லை. மற்றவர்களுக்கு அது சோதனைக்குரிய பாடம். எனக்கு அது வீட்டு விஷயம்.

இரண்டாம் வருடம், சோதனைக்குச் சில மாதங்கள் இருக்கையில், தவக்காலத் தொடக்கத்தில் அம்மாவுக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டது. நான் வீட்டுக்கு ஓடினேன். என்னை அனுப்பச் சொல்லிக் கல்லூரியில் அனுமதி கேட்பதற்காக அப்பு பின்னாலேயே அதிபரிடம் போனார். நான் ஏற்கெனவே வந்துவிட்டேன், இனி எதற்கு என்றால் கேட்கவில்லை. பெரிய மனிதரிடம் நேரே போய்க் கதைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வெறுங்கையோடு போகவும் கூடாது. ஆகவே விடியற்காலையில் பிடித்த ஒரு பெரிய பாரை மீனைப் பனையோலையில் சுற்றிக்கொண்டு பஸ்சில் ஏறினார். மானிப்பாய் வரையில் பஸ் முழுக்க மூக்கைப் பொத்தியதாம். கல்லூரிக்குத் தலைவரான அந்த அதிபர் ஒரு மிஷன் போதகர், நல்ல வெள்ளைக்காரர். மீனவர் ஒருவர் தன் வீட்டு வாசலில் தன் கையால் பிடித்த மீனோடு நின்றது அவருக்கு வேதாகமத்தில் படித்த காட்சியாகத் தோன்றியிருக்க வேண்டும். கண் கலங்கிப்போனாராம்.

மீன் வாங்கியவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எங்கள் நாட்டு வழக்கம் நன்றாகத் தெரிந்தவர், வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும் என்று அறிந்தவர். இரண்டு நாள் கழித்து, பிற்பகல் நேரத்தில் எங்கள் ஒழுங்கைக்குள், அந்தக் குறுகிய சந்துக்குள், மோட்டார் கார் ஒன்று வந்து மணலில் புதைந்து நின்றது. அதிபர் தோடம்பழப் பையுடன் இறங்கினார். சனம் வேலிக்கு வெளியே கூடிவிட்டது. அப்பு தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அதிபர் அதில் உட்காரவில்லை. அம்மாவின் பாய்க்குப் பக்கத்தில் மண்டியிட்டார். கண்களை மூடினார். தெளிவான தமிழில், பிரசங்கம் பண்ணுகிற அதே குரலில், அம்மாவுக்காக ஜெபிக்கத் தொடங்கினார்.

அது நல்ல ஜெபம். ஒவ்வொரு சொல்லும் அம்மா பிழைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்டது. ஆனால் அவருக்கு மெல்லப் பேசத் தெரியாது. வேலிக்கு அப்பால் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. முடிவில் அவர் “ஆமென்” என்றபோது, மரியாதை குறையக்கூடாதே என்று அப்புவும் உரக்க “ஆமென்” என்றார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு நினைவில்லை. கார் போக முன்னரே, நாங்கள் வேதம் மாறிவிட்டோம் என்ற கதை கோவிலடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சாகப்போகிற பெண் பதித போதகரைக் கூப்பிட்டு ஜெபம் கேட்டாள் என்று அங்கே பேசிக்கொண்டார்கள்.

அடுத்தநாள் அம்மாவுக்கு மோசமாகிவிட்டது. வைத்தியம் பார்த்த பரியாரியார் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “சுவாமியைக் கூப்பிடுங்கோ” என்றார். எங்களிடையே அதற்கு ஒரே பொருள்தான். சாகிறவருக்கு அவஸ்தை பூச வேண்டும். குருவானவர் வந்து புனித எண்ணெய் பூசி வழியனுப்பி வைப்பது அது. அது கிடைக்காமல் போனவருக்குச் சேமக்காலையில், அதுதான் எங்கள் இடுகாட்டில், மந்திரித்த மண்ணும் இல்லை. வேலிக்கு வெளியே, தூக்குப்போட்டுச் செத்தவர்களுக்குப் பக்கத்தில்தான் குழி. அம்மாவைப் பெற்றவர்கள், அம்மா பெற்று இழந்த இரண்டு குழந்தைகள், எல்லோரும் வேலிக்கு உள்ளே கிடந்தார்கள்.

நான் ஓடினேன். சுவாமி தன் வீட்டு மேல்மாடத்தில் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. அவருக்கும் அது சுகமான நாள் அல்ல.

“உன் தாய் அந்தப் போதகரை அழைத்தாளா?” என்று கேட்டார்.

“இல்லைச் சுவாமி. அவவுக்கு நினைவே இல்லை. அவர் தானாய் வந்தவர்.”

“நீ இன்னும் அங்கே படிக்கிறாய்?”

“ஓம் சுவாமி. இன்னும் கொஞ்ச மாசம். சோதனை முடிஞ்சால்…”

“சோதனை முடிய அவள் இருப்பாளா?”

அவர் சுவரில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தை, சிலுவையில் அறையுண்ட கிறிஸ்துவை, காட்டினார். “அந்தக் கல்லூரியை விடுகிறேன் என்று இங்கே சொல். நான் இப்போதே எண்ணெயோடு வருகிறேன்.”

பின்னாளில் படித்தவர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், நீ வாதாடவில்லையா என்று. தர்க்க சாஸ்திரம் படித்தவன் அல்லவா? அங்கே வாதாட என்ன இருந்தது? சுரூபத்தைப் பார்த்துச் சொன்னேன், விடுகிறேன் என்று. சுவாமி என் தலையில் கை வைத்தார். அதற்குப் பிறகு, அந்தக் கிழவர் என்னைவிட வேகமாக மணலில் நடந்தார். அம்மாவின் கண்ணிலும் காதிலும் கையிலும் காலிலும் எண்ணெய் பூசினார். நான் சுவரில் சாய்ந்துகொண்டு, போய்விட்ட என் பி. ஏ.யைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை. நினைத்தேன் என்று எழுதினால் கதை இன்னும் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல.

அம்மா சாகவில்லை. காய்ச்சல் இறங்கியது. எண்ணெயின் மகிமை என்று ஊர் சொன்னது. போதகரின் ஜெபம் என்று அப்பு எனக்கு மட்டும் ரகசியமாகச் சொன்னார். தன் மருந்து என்று பரியாரியார் சொன்னார். அம்மா எழுந்து சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கினார். அதன் பிறகுதான் எனக்கு வலிக்க ஆரம்பித்தது.

விடுதியில் கிடந்த என் பெட்டியை அறைத்தோழன் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து தந்தான். அதிபர் ரொம்பவும் மனமுடைந்து போயிருக்கிறார் என்றான். தான் செய்த பிழை என்னவென்று அவருக்கு இன்னும் விளங்கவில்லையாம். அவன் வாரத்தில் ஒருநாள் வருவான். கரையில் கவிழ்த்துப்போட்ட தோணி நிழலில் உட்கார்ந்து, அந்த வாரம் நடந்த பாடத்தை எனக்குச் சொல்வான். எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டான். “இப்பத்தான் குடிச்சனான் மச்சான்” என்பான், கல்லூரியிலிருந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவன். எங்கள் சாதி வீட்டில் குடித்தால் அவன் வீட்டில் சேர்க்கமாட்டார்கள். அவன் பாடம் எனக்கு வேண்டியிருந்தது. அவன் தாகம் எனக்கு எரிச்சலூட்டியது. இரண்டையும் சேர்த்துத்தான் அவனை நேசித்தேன். மற்ற நாட்களில் அப்புவோடு வலை இழுத்தேன். கையெல்லாம் கொப்புளம். ஊரார் கனிவாகப் பார்த்தார்கள், கெட்டலைந்து திரும்பிய பிள்ளையைப் பார்ப்பது போல. அந்தக் கனிவுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

நான் ஏன் வீட்டில் நிற்கிறேன் என்று அம்மா முதலில் கேட்கவில்லை. தன் நோய் வருத்தத்துக்காக நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பாஸ்குவுக்கு முந்திய பெரிய வாரம் வந்தது. அந்தப் புதன்கிழமை, வெளியே ஒரு பெண் அம்மாவைக் கண்டு, “உன்ரை பெடியன் உனக்காகப் படிப்பை விட்டிட்டான், குடுத்து வைச்சனி” என்று சொல்லியிருக்கிறாள். வீட்டுக்குள் வந்த அம்மா என்னைப் பார்த்தார். மீன் சட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். பெரிய சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். போன கையோடு திரும்பி வந்தார். நான் எதுவும் கவனிக்கவில்லை. பாஸ்குவுக்கு அம்மா முன்வரிசைக்குப் போவார், நன்மை வாங்குவார், என் இழப்புக்கு அதுவாவது மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாஸ்குக் காலை. நன்மை வாங்குகிறவர்கள் அந்த நாளில் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடமாட்டார்கள். ஊர் முழுவதும் வெறும் வயிற்றோடு, வெள்ளை உடுத்தி, கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் முகம் கழுவிக்கொண்டு குசினிப் பக்கம் வந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தார். கையில் பித்தளைக் கோப்பை. ஆவி பறக்கிற வெறுந்தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

மறதியாய்க் குடிக்கிறார் என்று பதறினேன். “அம்மா! நன்மை வாங்கிறேல்லையே?”

“இல்லை மோனை.”

“ஏன்? நான்தான் பள்ளியை விட்டிட்டேனே. சுவாமி மன்னிப்புத் தரேல்லையே?”

“தாறன் எண்டுதான் சொன்னவர்.” இன்னொரு மிடறு குடித்தார். “உன்னை உங்கை அனுப்பினதுக்கு மனஸ்தாபப்படுறியோ எண்டு கேட்டவர். நான் இல்லை எண்டனான்.”

“ஓம் எண்டு சொன்னால் என்ன அம்மா?”

“பாவசங்கீர்த்தனத்திலை போய்ப் பொய் சொல்லச் சொல்லுறியே?” அம்மாவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. “உன்னை அனுப்பினதுக்கு நான் ஒரு நாளும் மனம் வருந்தேல்லை. வருந்தாததை வருந்தினன் எண்டு சொல்லிப்போட்டு, ஆண்டவரை நாக்கிலை வாங்கிறதே? அது உன்னை அனுப்பினதிலும் பெரிய பாவம்.”

எனக்கு அவர்மேல் கண்மண் தெரியாத கோபம் வந்தது. நான் விட்டது விட்டதுதானே. அதற்கு விலையாகக் கிடைத்ததையும் இவர் வேண்டாம் என்று வந்துவிட்டாரே. “அப்ப நான் என்னத்துக்கு விட்டனான்?” என்று கத்தினேன்.

“அதைத்தான் நானும் கேக்கிறன். ஆர் உன்னை விடச் சொன்னது? சாகிறதும் நான்தானே, புதைக்கிறதும் என்னைத்தானே. விடுமுறை முடியப் பள்ளிக்குப் போ.”

“போக ஏலாது. பாடுபட்ட சுரூபத்துக்கு முன்னாலை சொல்லிப்போட்டன்.”

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, உலை வைக்க நேரமாகிவிட்டது என்று சொல்கிற அதே குரலில் சொன்னார்: “அந்தப் பாவத்தையும் என்ரை தலையிலை போடு. எனக்குத்தான் எப்பிடியும் மன்னிப்பு இல்லையே. அதோடை உதையும் கிடக்கட்டும்.”

கோவில் மணி அடிக்கத் தொடங்கியது. அப்பு முற்றத்தில் நின்று, “என்ன, வாறியளே இல்லையே?” என்று கூப்பிட்டார். “போய் நன்மையை வாங்கு, போ. நீ ஒண்டும் செய்யேல்லை” என்று அம்மா என்னைத் தள்ளினார். நான் போகவில்லை. அவருக்குப் பக்கத்தில் குந்தினேன். கோப்பையில் பாதித் தேத்தண்ணி இருந்தது. என்ன செய்யப் போகிறேன் என்று அம்மாவுக்கு விளங்கிவிட்டது. “வேண்டாமடா” என்று கையை நீட்டினார். அதற்குள் எடுத்துக் குடித்துவிட்டேன்.

காய்ச்சலில் கிடந்தபோதோ, கடைசி வரிசையில் இருந்தபோதோ அழாத அம்மா, அடுப்புக்கு முன்னால் இருந்து வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழுதார்.